மேனேஜர் கையில் ஐந்து நொடி

அக்கா, கடிதம் வந்ததா என்று நீ நான்கு முறை கேட்டுவிட்டாய், அம்மா ஏழு முறை. ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அத்தானையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். இதில் முதல் குற்றவாளி அவர்தான்.

இந்தக் கிடங்கு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியது அத்தான். பொழுதுபோக்கு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"இதுல என்னடா போடுறது?"

"ஒண்ணும் இல்ல அத்தான்."

"ஒண்ணும் இல்லன்னு போட்டா சோம்பேறின்னு நினைப்பான். ஆறடி வளர்ந்து நிக்கிறே. பாஸ்கெட்பால்னு போடுறேன்."

"அதைப் பத்தி ஏதாவது கேட்டா?"

"யாருடா கேக்கப் போறா?"

கேட்டார்கள் அத்தான். ஐந்து மாதம் மூன்று வாரம் கழித்துக் கேட்டார்கள்.

அந்த நேரத்தில் என் நிலைமை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆறு மாதத் தற்காலிக வேலை முப்பதாம் தேதி முடிகிறது. அதற்குள் நிரந்தரம் என்று மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடிதம் வர வேண்டும். இரண்டாம் தேதி பெர்மிட் அலுவலகத்தில் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தோடு போனால் இன்னும் இரண்டு வருஷம் இந்த நாட்டிலேயே இருக்கலாம். கடிதம் இல்லாமல் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கூட வேலைக்குச் சேர்ந்த மூன்று பேருக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் இல்லை. தினமும் ஹெச்.ஆர். அறைக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பேன். அந்த மேடம் போனில் பேசிக்கொண்டே கையால் 'அப்புறம்' என்று காட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் யாரையும் உட்காரச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

"உன் ஃபைலைப் பார்த்தேன். பெரிய பாஸ்கெட்பால் பிளேயராமே! சொல்லவே இல்ல?"

"அது வந்து மேடம், சின்ன வயசுல..."

"வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கும் வேர்ஹவுஸுக்கும் மேட்ச். வருஷா வருஷம் நடக்கும். நீதான் ரெஃப்ரி."

"எப்பவும் ஸ்டோர்ல இருக்கற அண்ணன்தானே விசில் ஊதுவார்?"

"அவருக்கு இடுப்பு வலி. மூணு வருஷமா கரெக்டா இந்த வாரத்துலதான் வருது. போன வருஷம் ஊசியைப் போட்டுக் கூட்டிட்டு வந்தோம். இந்த வருஷம் ஊசிக்கும் பிடிகொடுக்கல."

எழுந்து நின்று, "மேடம், என் லெட்டர்?" என்றேன்.

"மேட்ச் முடியட்டும். ஆபீஸ் டீமுக்கு மேனேஜர்தான் கேப்டன், தெரியும்ல?" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை நானே மண் போட்டு நிரப்பிக்கொண்டேன்.

நான்கு நாளில் விதிகளைப் படித்தேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வீடியோ. சாப்பாட்டு இடைவேளையில் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று கைச்சைகைப் பயிற்சி. ஒரு நாள் உள்ளே வந்த ஃபோர்க் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், அதனால் அந்தப் பேர். கிடங்கு அணிக்கு அவர்தான் கேப்டன்.

"தம்பி, யாரையாவது அடிக்கப் போறியா? இல்ல யாராவது உன்னை அடிச்சாங்களா?"

"ரெஃப்ரி சிக்னல் அண்ணே."

"ஓ, இந்த வருஷம் பலி நீயா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனார். இரண்டு அர்த்தத்திலும் கழுவிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

உங்களுக்கும் விதி தெரிந்தால்தான் கதை புரியும். கையில் பந்தை வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. தரையில் தட்டிக்கொண்டே போகலாம். ஆனால் தட்டி, இரண்டு கையாலும் பிடித்துவிட்டு, மறுபடி தட்டக் கூடாது. எதிரணிக் கூடைக்குக் கீழே ஒரு கட்டம் இருக்கும், உன் அணி பந்தோடு ஆடும்போது அதற்குள் மூன்று நொடிக்கு மேல் குடியிருக்கக் கூடாது. இதெல்லாம் விதிமீறல். யாருக்கும் வலிக்காத தப்பு. தண்டனையும் லேசு, பந்து எதிரணிக்குப் போகும், அவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே எறிவார்கள். ஆனால் ஆளைத் தள்ளினால், இடித்தால், கையில் அடித்தால் அது ஃபவுல். அது ஆள் பேரில் ஏறும். நடுவர் விசில் ஊதி, அடித்தவரின் சட்டை எண்ணை விரலால் காட்ட வேண்டும், மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்வார். ஐந்து ஏறினால் அந்த ஆள் அன்றைக்கு வெளியே.

வெளியே நின்று பந்தை உள்ளே போடுகிறவருக்கு ஐந்தே நொடி. நடுவர் பந்தைக் கையில் கொடுத்துவிட்டு, கையை வீசி வீசி எண்ணுவார். ஐந்துக்குள் போடாவிட்டால் பந்து பறிபோகும். படிக்கும்போது, இது என்ன பெரிய விஷயம், பந்தை எறிய யாருக்கு ஐந்து நொடி ஆகும் என்று நினைத்தேன். எங்கள் மேனேஜர் நடத்தும் கூட்டங்களில் நான் உட்கார்ந்ததில்லை, அதனால் வந்த வினை.

வெள்ளிக்கிழமை மதியம், கிடங்குக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் ஆட்டம். சக்கரம் வைத்த இரண்டு கூடைக் கம்பங்களை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தரையில் கோடு போட்டது எங்கள் பராமரிப்பு ஆட்கள். கிடங்குக்குள் நடைபாதைக்குப் போடுகிற அதே மஞ்சள் பெயின்ட், அதே அகலம்.

அங்கேதான் முதல் சிக்கல். கிடங்கில் மஞ்சள் கோடு என்றால் நிற்க வேண்டும். நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் தலையாட்டிய பிறகுதான் தாண்டலாம். தாண்டினால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை வீட்டுக்கு. வருஷக் கணக்கில் அப்படிப் பழகிய கால்கள். எங்கள் பேக்கிங் ஆள் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு காற்றாகப் பறந்து வருகிறான், கூடைக்குக் கீழே இருக்கிற கட்டத்தின் கோடு வந்ததும் சடன் பிரேக் போட்டு நிற்கிறான், இரண்டு பக்கமும் பார்க்கிறான், ஃபோர்க் அண்ணனைப் பார்க்கிறான். "வாடா, வாடா!" என்று அவர் தலையாட்டி முடிப்பதற்குள் ஆபீஸ் ஆள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார். கடைசிவரை எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அந்தக் கட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. எறிந்ததெல்லாம் வெளியே நின்றுதான். அதில் ஃபோர்க் அண்ணனுக்கு மட்டும் குறி தப்பவில்லை. பன்னிரண்டடி உயர ரேக்கில் பெட்டி வைக்கிற கண் அது.

ஆபீஸ் ஆட்களுக்கு எதிர்ப்பிரச்சினை. அவர்கள் ஒரு இடத்தில் நின்றால் அது அவர்கள் சீட். பர்சேஸ் பிரிவு மேடம் அந்தக் கட்டத்துக்குள் போய் நின்றவர் நகரவே இல்லை. மூன்று நொடி, ஆறு நொடி, ஒன்பது நொடி. ஊதினேன்.

"என்னப்பா?"

"மூணு செகண்டுக்கு மேல இங்க நிக்கக் கூடாது மேடம்."

"நான் யாருக்கும் இடைஞ்சல் பண்ணலையே? நீங்க விளையாடுங்க."

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். சட்டையில் ஒன்றாம் எண் அவருக்கு. பந்தைக் கையில் எடுத்தால் தட்டுவது என்பதே கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடுகிறவர் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். ஏழு அடி எண்ணினேன். விசில் வாயில்தான் இருந்தது, காற்றுதான் வரவில்லை. அவர் போய் எறிந்து, அது உள்ளே விழுந்து, ஆபீஸ் ஆட்கள் கைதட்டி, எங்கள் கிடங்கு ஆட்களும் கைதட்டினார்கள்.

அடுத்து எங்கள் பேக்கிங் ஆள் ஒருவனை இரண்டு கையாலும் தள்ளினார். அவன் போய் விழுந்து, எழுந்து, "சாரி சார்" என்றான். தள்ளப்பட்டவன் மன்னிப்புக் கேட்டான் அக்கா! மேனேஜரும், "பார்த்து விளையாடுப்பா" என்று பெருந்தன்மையாக மன்னித்தார்.

இதை ஊதாமல் இருக்க முடியாது. ஐம்பது பேர் பார்க்கிறார்கள். ஊதினேன். மேசைப் பக்கம் திரும்பி ஒரு விரலைத் தூக்கினேன். மேனேஜர் என்னைப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். என் கண்முன்னால் இரண்டாம் தேதி வந்து நின்றது. மீதி ஆறு விரல்களும் தாமாகவே எழுந்துகொண்டன.

ஏழாம் எண் சட்டை போட்டிருந்தவர் பே ஸ்லிப் சார். சம்பளப் பிரிவு கிளார்க். ஐம்பது வயது இருக்கும், ஆள் குறைந்ததால் இழுத்துவிடப்பட்டவர். அவர் அப்போது ஆடுகளத்தின் அந்தக் கோடியில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். மேசையில் எழுதிக்கொண்டிருந்தது ஹெச்.ஆர். மேடம். என்னைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், ஏழு என்று எழுதினார். எங்களுக்குள் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

ஒரு தடவை செய்த தப்பு இரண்டாம் தடவை சுலபமாக வருகிறது. மூன்றாம் தடவை அதுவே நடைமுறை ஆகிவிடுகிறது. மேனேஜர் இடித்தார், ஏழு. மேனேஜர் கையைப் பிடித்து இழுத்தார், ஏழு. மேனேஜர் காலை நீட்டித் தடுக்கிவிட்டார், ஏழு. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி தொடங்கி மூன்று நிமிஷத்தில் ஃபோர்க் அண்ணனை முழங்கையால் இடித்தார். ஏழு. மேடம் பேனாவை வைத்துவிட்டு ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

பே ஸ்லிப் சார் வெளியே.

அவர் என்னிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் பரவாயில்லை. சம்பளச் சீட்டில் ஏதோ கூட்டல் தவறிவிட்டது என்று தேடுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, நான் யாரையும் தொடவே இல்லையே?"

"அஞ்சு ஆயிடுச்சு சார்."

"பந்தையே ரெண்டு தடவைதான் தொட்டேன்."

நான் விசிலைப் பார்த்தேன். அவர், "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் மனைவி பார்க்க வந்திருந்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"யாரை அடிச்சீங்க?"

"யாரையும் இல்ல."

"அஞ்சு பேரை அடிச்சதா அந்தம்மா எழுதியிருக்கா. வீட்டுல ஒரு கொசுவை அடிக்கச் சொன்னா என்னைக் கூப்பிடுறீங்க. இங்க வந்து அடிதடியா? எத்தனை வருஷமா நடக்குது இது?"

சிரிப்புதான் வர வேண்டும். எனக்கு வரவில்லை. எனக்கு நிரந்தரக் கடிதம் வேண்டும் என்பதற்காக, யாரையும் தொடாத ஒரு மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து பெண்டாட்டிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கு அந்த ஸ்டோர் அண்ணனின் இடுப்பு வலி எவ்வளவோ மேல்.

ஆட்டம் முடிய ஒன்பது நொடி. ஆபீஸ் முப்பத்தொன்று, கிடங்கு முப்பது. எப்படி இவ்வளவு நெருக்கமாக வந்தது என்றால், ஃபோர்க் அண்ணன் எறிந்ததெல்லாம் விழுந்துகொண்டே இருந்தது. பந்து எங்கள் ஆள் கையில் பட்டு வெளியே போனது. ஆபீஸ் பந்து. பக்கக் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே போட்டு, ஒன்பது நொடி அதை வைத்துக்கொண்டிருந்தால் போதும், ஜெயித்துவிடுவார்கள்.

வெளியிலிருந்து பந்து போடுவது எப்போதும் மேனேஜர்தான். பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கையை வீசத் தொடங்கினேன். ஒன்று.

அவர் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். ஒரு கையை நீட்டினார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கவனிங்க. அக்கவுன்ட்ஸ், நீ அந்தப் பக்கம் போ."

இரண்டு.

"நீ இல்ல, அவன். பர்சேஸ், நீங்க அங்கயே நில்லுங்க. நம்ம டார்கெட் என்ன? பந்து நம்மகிட்ட இருக்கணும்."

மூன்று. அதுவரை அவருக்கு மட்டும் என் நொடி வேறு நொடியாக இருந்தது. மூச்சை இழுத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த எண்ணுக்குப் போவேன். இப்போதும் அப்படிச் செய்திருக்கலாம். நெற்றியைத் துடைக்கக் கை உயரத்தான் போனது. பெஞ்சில் பே ஸ்லிப் சார் இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை. கை தானாக வீசிவிட்டது. நான்கு.

"ரெண்டாவது பாயிண்ட் என்னன்னா..."

ஐந்து. ஊதினேன்.

கையில் பந்தோடு திரும்பினார். "என்ன?"

"அஞ்சு செகண்ட் சார்."

"என்ன அஞ்சு செகண்ட்?"

"அதுக்குள்ள உள்ள போடணும் சார். போடலை. பந்து அவங்களுக்கு."

"நான் பேசிட்டு இருந்தேன்ல? நான் பேசிட்டு இருக்கும்போது டைம் எப்படிப்பா ஓடும்?"

அவர் நிஜமாகவே கேட்டார் அக்கா. இருபது வருஷ சர்வீஸில் அவர் பேசும்போது அப்படி எதுவும் ஓடிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பந்தைக் கேட்டுக் கையை நீட்டினேன். தரவில்லை. பின்னால் மறைத்துக்கொண்டார். மறுபடி கேட்டேன். "முடியாது, ரூல்ஸைக் காட்டு" என்றார்.

பந்தைக் கொடுக்க மறுத்து நடுவரோடு வம்பு செய்தால் அதற்குத் தனி ஃபவுல் இருக்கிறது. டெக்னிகல் என்பார்கள். ஒரு உள்ளங்கையை இன்னொரு கையின் விரல் நுனியில் குறுக்கே வைத்துக் காட்ட வேண்டும். கழிப்பறைக் கண்ணாடியில் நன்றாக வந்த சைகை அது. காட்டினேன். பார்த்தவர்களுக்கு அது டெக்னிகலா, மின்விசிறியா என்று தெரிந்திருக்காது. பிறகு மேசைப் பக்கம் திரும்பி ஒரே ஒரு விரலைத் தூக்கினேன்.

ஹெச்.ஆர். மேடம் எழுதவில்லை. "எத்தனை?" என்றார்.

"ஒண்ணு மேடம்."

"ஏழா?"

"ஒண்ணு. மேனேஜர் சார். முன்னாடி எழுதின ஏழு எல்லாமும் ஒண்ணுதான்."

சத்தம் போட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். பே ஸ்லிப் சாரின் மனைவி தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார்.

எங்கள் அணிக்கு ஒரு தனி எறிதல், யாரும் தடுக்கக் கூடாது, விழுந்தால் ஒரு புள்ளி. ஃபோர்க் அண்ணன் கோட்டில் வந்து நின்று என்னிடம் குனிந்து கேட்டார். "தம்பி, நெஜமாவே உள்ள போடவா?"

"ரெஃப்ரிகிட்ட அதைக் கேக்கக் கூடாது அண்ணே."

போட்டார். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. அடுத்து பந்தை வெளியிலிருந்து போட வேண்டியதும் எங்கள் ஆட்கள்தான். பேக்கிங் ஆள் ஒரே நொடியில் எறிந்துவிட்டான், அவனுக்குப் பேச எதுவும் இல்லை. ஃபோர்க் அண்ணன் வாங்கி, கட்டத்துக்கு வெளியே நின்று, மேல் ரேக்கில் வைப்பது போல வைத்தார். முடிந்தது. எங்கள் ஆட்கள் கத்த வாயைத் திறந்து, மேனேஜரைப் பார்த்து, மூடிக்கொண்டார்கள்.

கோப்பை கொடுக்கவில்லை. அதில் ஏற்கெனவே 'வெற்றி: அலுவலக அணி' என்று பொறித்துவிட்டார்களாம். பிழைதிருத்தத்துக்குப் போயிருக்கிறது.

சனி, ஞாயிறு நான் உங்களுக்கு போன் செய்யாததற்குக் காரணம் இதுதான். சிக்னல் இல்லை என்று அம்மாவிடம் சொன்னது பொய். பெட்டியில் பாதி அடுக்கியும்விட்டேன்.

இன்று காலை ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்துப் போட்டார். நிரந்தரக் கடிதம். கீழே மேனேஜர் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். ஆட்டத்துக்குப் பதினாறு நாள் முன்னால் போட்டது.

"மேடம், இது அப்பவே..."

"நாப்பது பேப்பரோட பேப்பரா கையெழுத்து போட்டுட்டார். யார், என்னன்னு பார்க்கக்கூட இல்ல."

"அப்போ ஏன் என்கிட்ட குடுக்கல?"

"குடுத்திருந்தா நீ விசில் ஊத வந்திருப்பியா? உனக்கும் இடுப்பு வலி வந்திருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் அவருக்கு நீ யாருன்னே தெரியாது."

"இப்போ?"

"இப்போ நல்லாத் தெரியும்."

உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து மேனேஜர் வருகிறார், பின்னால் மூன்று பேர். ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தாண்டிப் போனவர் நின்று, இரண்டடி பின்னால் வந்தார்.

"ஏய், அஞ்சு செகண்ட்! கையில என்ன?"

"லெட்டர் சார். பெர்மனென்ட் ஆயிடுச்சு."

"யார் கையெழுத்து போட்டது?"

"நீங்கதான் சார்."

வாங்கிப் பிரித்தார். தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார், யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டது போல. ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நகத்தால் லேசாகச் சுரண்டிக்கூடப் பார்த்தார். பின்னால் நின்ற மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல்.

"என்னோடதுதான்" என்று வருத்தமாகச் சொல்லி, கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்ல வேண்டாம் அக்கா. வந்துவிட்டது என்று மட்டும் சொல்.